சாக்கியார் கூத்து: ஒருவரே பலராகும் அரங்கு

சாக்கியார் கூத்து கேரளக் கோயில்களில் வளர்ந்த தனிநடிப்புக் கலை. ஒரே நடிகர் கதைசொல்லியாகவும் கதையின் எல்லாப் பாத்திரங்களாகவும் மாறி நடிப்பார். செய்யுள் முன்பே எழுதப்பட்டது. அதன் விளக்கத்தில் பெரும்பகுதி மேடையில் அப்போதே பிறப்பது.

தொன்மை

சிலப்பதிகாரத்தின் நடுகற்காதையில், சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச்சாக்கையன் கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடுகிறான். உடலின் ஒரு பாதி சிவனாக ஆட, மறுபாதி உமையாக அசையாமல் நிற்கிறது. ஒரே உடலில் இரு பாத்திரங்களைக் காட்டும் நடிப்பைப் பற்றிய பழைய குறிப்புகளுள் இது ஒன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் காமரசவல்லிக் கல்வெட்டும் சாக்கைக் கூத்தைக் குறிப்பிடுகிறது. தமிழகத்தில் இக்கூத்து மறைந்துவிட்டது. கேரளத்தில் சாக்கியார் குடும்பங்களின் பரம்பரைத் தொழிலாகத் தொடர்ந்தது.

ஆடும் முறை

கூத்து நடைபெறும் இடம், கோயில் வளாகத்துக்குள் இருக்கும் கூத்தம்பலம். நம்பியார் மிழாவு என்னும் குடமுழவை முழக்க, நங்கியார் தாளம் போடுவார். சாக்கியார் விதூஷகன் வேடத்தில் வருவார். சிவப்புத் தலையணியும், ஒரு காதில் குண்டலமும், மறுகாதில் வெற்றிலையும் அவருடைய அடையாளங்கள்.

அவர் முதலில் ஒரு வடமொழிச் செய்யுளைச் சொல்வார். பின் அதைச் சொல் சொல்லாகப் பிரித்து மலையாளத்தில் விரிப்பார். செய்யுளை மாற்ற அவருக்கு உரிமையில்லை, விரிவுரைக்கோ எல்லையில்லை. எடுத்துக்காட்டாக, வானரப் படை திரண்டதை விவரிக்கும்போது, பிந்தி வந்து இடம் தேடும் ஒருவரை நோக்கி, "இப்போதுதான் வந்தீரா?" என்று கேட்டால் போதும், அந்த நொடியே அவரும் படையில் ஒரு வானரமாகிவிடுவார். அவர் மறுமொழி சொல்லக் கூடாது என்பது மரபு.

ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உடை மாற்றாமலே தாவுவதைப் பகர்ந்தாட்டம் என்பர். இது கூடியாட்டத்திலும் நங்கியார் கூத்திலும் மிக விரிவாக வளர்ந்துள்ளது. நங்கியார் கூத்தில், சுபத்திரையின் தோழியாக வரும் ஒரே பெண் கண்ணன் கதையின் எல்லா மாந்தரையும் கைமுத்திரையாலும் கண்ணசைவாலும் காட்டுவார்.

உரிமையும் அதன் எல்லையும்

விதூஷகன் அரசனையும் கேலி செய்யலாம். யாராவது எதிர்த்தால் சாக்கியார் தலையணியைக் கழற்றிவிட்டுக் கூத்தை நிறுத்துவார். அவ்விடத்தில் மீண்டும் கூத்து நடைபெறாது என்பது வழக்கம். கோயிலின் பெருமை கூத்தோடு இணைந்திருந்த காலத்தில் இது பெரிய தண்டனை. ஊர்ப் பெரியவர்கள் வாய்மூடிக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர் யார்? கூத்தம்பலம் கோயிலுக்குள் இருந்தது. கோயிலுக்குள் நுழையவே உரிமையற்ற சாதியினர் பலர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல்தான். அதிகாரத்தைப் பற்றிய கேலி, அதிகாரத்தின் அருகே அமரக்கூடியவர்களின் காதில் மட்டுமே விழுந்தது.

18ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவருக்கு வெளியே ஒரு கலை பிறந்தது. மிழாவு வாசிக்கும்போது கண்ணயர்ந்த குஞ்சன் நம்பியாரைச் சாக்கியார் மேடையிலேயே கேலி செய்ததாகவும், அதற்கு விடையாக அவர் துள்ளலைப் படைத்ததாகவும் செவிவழிக் கதை உண்டு. கதை எப்படியாயினும், துள்ளலும் ஒருவர் ஆடும் கலைதான். எளிய மலையாளத்தில், எல்லோரும் கூடும் இடத்தில் அது ஆடப்பட்டது.

சுவரைக் கடந்தபின்

சாக்கியார்களே வெளியே வர மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. 1949இல் பைங்குளம் ராம சாக்கியார், குலத்தாரின் எதிர்ப்பை மீறிக் கோயிலுக்கு வெளியே ஆடினார். மாணி மாதவ சாக்கியார் 1955இல் கூடியாட்டத்தை வெளியே கொண்டுவந்தார். 1965இல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டத் துறை தொடங்கியது. பைங்குளம் ராம சாக்கியார் அதன் ஆசிரியரானார். பரம்பரைக்கு வெளியே உள்ளவர்களும் பயிலத் தொடங்கினர். நிலச் சீர்திருத்தத்தால் கோயில் வருவாய் குறைந்த காலத்தில், கலை அழியாமல் காத்தது இந்த மாற்றம். 2001இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மானுடத்தின் வாய்மொழி, அருவ மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது.

இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாக்களில் சாக்கியார் கூத்தும் ஒரு போட்டி. எந்தச் சாதி மாணவரும் விதூஷகன் வேடம் கட்டலாம். எனினும் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருப்பதால், செய்யுளோடு விளக்கமும் பெரும்பாலும் மனப்பாடமாகிவிடுகிறது. முன்னே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்த பிறகே பிறக்கும் சொல்லை மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர முடியாது.