கொற்கைக் கரையில் மக்ரூனும் லேஸும்: மலிவுப் பொருள்களின் வரலாறு

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, ஊர் உள்நாட்டில் தங்கிவிட்டது. துறைமுகத் தொழில் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. இக்கரைக்கு வெளியிலிருந்து வந்த பொருள்களில் இரண்டு வீட்டுக் கைத்தொழில்களும் உண்டு. ஒன்று அடுமனைப் பண்டம், மற்றொன்று நூல் பின்னல். அவை இங்கே வேரூன்றியதற்கு முக்கியக் காரணம், அருகில் மலிவாகக் கிடைத்த பொருளுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டதே எனலாம்.

பாதாமுக்குப் பதில் முந்திரி

ஐரோப்பிய மக்ரூனின் அடிப்படை பாதாம். தூத்துக்குடி மக்ரூனில் அந்த இடம் முந்திரிக்கு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் காலூன்றிய போர்த்துக்கீசியர் வழியாக இப்பண்டம் வந்தது என்பது ஊரில் வழங்கும் செய்தி. பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இரண்டும் ஒரே கப்பலில் வந்தனவா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்!

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றே சரக்கு. வீட்டில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவுக்கு 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் முந்திரி என்ற கணக்கில் செய்யலாம். முந்திரியை எப்படியும் பொடிக்கப்போகிறோம். ஆகவே முழுப் பருப்பு வாங்குவது வீண் செலவு. உடைத்த பருப்போ குருணையோ போதும், ஆனால் சிக்கு வாடை இருக்கக்கூடாது. சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் முட்டை. பழைய முட்டையின் மஞ்சள்கரு எளிதில் உடைந்து வெள்ளையில் கலந்துவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. கூம்பாகச் சுற்றிய தாளில் கலவையை நிரப்பிப் பிழிந்து, மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துவர். கடற்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துவிடும். ஆகையால் காற்றுப் புகாத டப்பாவும் ஒரு சரக்குதான்.

நூல் குறைவு, உழைப்பு மிகுதி

பின்னல் வந்த வழி வேறு. 1819இல் கணவர் சார்லஸுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையிலிருந்த சில பெண்கள் லேஸ் விற்ற காசைக் கொண்டே தம் விடுதலையை வாங்கினர். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலித் தேரிக்காட்டை அடுத்த இடையன்குடிக்கு அக்கலையைக் கொண்டுசென்றார். பின்னாளில் கொற்கையில் அகழாய்வு செய்த அதே கால்டுவெல்தான்.

ஏழைப் பெண்களுக்கு இது கைகொடுத்ததன் காரணம் கணக்கில் இருக்கிறது. மக்ரூனில் விலையின் பெரும்பகுதி முந்திரியிலும் சர்க்கரையிலும் போய்விடும். லேஸிலோ நூலின் செலவு சிறிது, மதிப்பு முழுவதும் விரல்களின் உழைப்பில். முதல் போடாமல் தொடங்கலாம்.

நூலும் பிறகு அருகிலேயே உற்பத்தியானது. கோவில்பட்டிக் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே கோரல் மில்லைத் தொடங்கினர். மலிவான நூலுக்கு யாரோ விலை கொடுத்தார்கள் என்பதையும் மாணவர்கள் அறியவேண்டும். 1908 பிப்ரவரி 27 அன்று கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு அம்மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். மார்ச் மாதம் கூலி உயர்ந்தது. சில நாள்களில் தலைவர்கள் இருவரும் கைதாயினர்.

இன்று பின்னல் பழகுவோருக்கு ஒன்று சொல்லலாம். நம் வெயிலுக்குக் கம்பளி நூல் தேவையில்லை. பருத்தி நூலும் ஒரு குரோஷா ஊசியும் போதும். ஒரு வேலைக்கு வேண்டிய நூற்கண்டுகளை ஒரே சாயத்தொகுதியில் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆசிரியப் பணியில் இருந்தபோது, மேசைவிரிப்பில் பாதி வெளிர் நீலமும் பாதி சற்றே கருநீலமுமாகக் கொண்டுவந்து நின்ற மாணவிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.