ஈலியைப் பார்த்த கண்ணோட திண்டுக்கல்லைப் பார்த்தபோது

இந்த வாரம் ரொம்ப தூரம் போகப் போறதில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குத்தான் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இங்கிலாந்துக்குப் போயிட்டு வரணும். ஏன்னா, என் சொந்த ஊரை நான் ஒழுங்கா பார்க்க ஆரம்பிச்சதே அங்கே போய் வந்ததுக்கு அப்புறம்தான்.

என் அத்தை மகன் கேம்பிரிட்ஜில் இருக்கான். போன தடவை நான் அங்கே போனப்ப, "மச்சான், லண்டன் எல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதான், உன்னை ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு ரயில்ல ஏத்திவிட்டான். கால் மணி நேரப் பயணம். ஊர் பேர் ஈலி. விலாங்கு மீனுக்கான சொல்லிலிருந்து வந்த பேருன்னு சொல்றாங்க. ஒரு காலத்தில் சுத்தியும் சதுப்பு நிலம், நடுவில் தீவு மாதிரி ஒரு மேடு. 17ஆம் நூற்றாண்டில் தண்ணியை வடிச்சு வயலாக்கிட்டாங்க. இப்போ பார்த்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டையான நிலம். அந்தத் தட்டை நிலத்தில், ஊர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, கப்பல் மாதிரி ஒரு பேராலயம் தெரியுது.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்ததுன்னா, மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது வயலுக்கு மேல எழும்புற எங்க ஊர்ப் பாறைதான். திண்டு மாதிரி இருக்கிற கல்லுங்கிறதால திண்டுக்கல். ஊருக்கு அருகில் வர வர அது பெருசாயிட்டே வரும். ஈலி பேராலயத்தின் மேற்குக் கோபுரம் 215 அடி. நம்ம பாறை 900 அடின்னு நிறைய இடத்தில் எழுதி வச்சிருக்காங்க. அதை நம்பாதீங்க. ஊரே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கு. தரையிலிருந்து பாறையின் உயரம் ஏறத்தாழ 280 அடின்னுதான் பழைய கெசட்டியர் சொல்லுது. ஆக, ரெண்டு ஊரும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவங்களோடது கட்டினது, நம்மளோடது கிடந்தது.

ஈலியில் மடம் தொடங்கினது 673இல், எதல்ட்ரீடா என்ற அரசகுலப் பெண். இப்போ நிக்கிற கட்டடத்தை ஆரம்பிச்சது 1083இல். 1109இல் அது மறைமாவட்டத் தலைமையிடம் ஆச்சு. 1322இல் நடுக்கோபுரம் இடிஞ்சு விழுந்தது. அதே இடத்தில் எண்கோண வடிவில் மரமும் கண்ணாடியுமா ஒரு விளக்குக் கூடம் எழுப்பினாங்க. கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். ஆனா என்னை நிறுத்தி வச்சது அது இல்லை. பக்கத்தில் மாதாவுக்கான தனி மண்டபம் ஒண்ணு இருக்கு, 1349இல் முடிச்சது. சுவர் முழுக்க சின்னச் சின்ன சிற்பங்கள். அதில் ஒண்ணுக்குக்கூட தலை இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலை. 1541இல், எட்டாம் ஹென்றி காலத்து மதச் சீர்திருத்தத்தில், ஈலியின் ஆயரே சிலைகளையும் புனிதர் சமாதிகளையும் அகற்றச் சொல்லி ஆணை போட்டார். எதல்ட்ரீடாவின் சமாதியும் அப்போதான் போச்சு. அது இருந்த இடத்தில் இப்போ தரையில் ஒரு கருங்கல் பலகை மட்டும். மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்காங்க. தலையை ஒட்ட வைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. உடைச்சது பக்கத்து நாட்டுக்காரன் இல்லை, அவங்க ஊர் ஆளுங்களேதான். அதையும் பலகையில் எழுதி வச்சிருக்காங்க.

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம். போன டிசம்பரில் அத்தை மகன் பத்து வயசுப் பொண்ணோட வந்திருந்தான். "என்ன மச்சான், உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"ன்னு கேட்டான். என் வாயில் முதல்ல வந்தது பிரியாணி. ரெண்டாவது பூட்டு. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைச்சதை வேற பெருமையா சொன்னேன். அவன் சிரிச்சான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாப் போச்சு. மறுநாள் காலையில் மூணு பேரும் மலை ஏறினோம்.

ஏறுறது கஷ்டம் இல்லை. பாறையிலேயே அகலமா, தாழ்வா படி செதுக்கியிருக்காங்க. கோட்டையை 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் தொடங்கினதா சொல்றாங்க. மதுரைக்கு வடக்கு வாசல் இது. மைசூர்ப் பக்கமிருந்து படை வந்தா இந்த வழியாத்தான் வரணும். 18ஆம் நூற்றாண்டில் மைசூர்க்காரங்களே இதைப் பிடிச்சாங்க. 1755இல் இங்கே ஃபௌஜ்தாரா வந்தவர் ஹைதர் அலி. அப்போ அவர் ராஜா இல்லை, ஒரு படைத்தலைவர்தான். பாளையக்காரர்களை அடக்கினதும், பிரெஞ்சுக்காரர் உதவியோட பீரங்கியும் ஆயுதமும் சேர்த்ததும் இங்கேதான். மைசூரின் அதிபதியா ஆனவர் அந்தப் பாடத்தைப் படிச்ச பள்ளிக்கூடம் நம்ம ஊர்னு சொன்னா தப்பில்லை.

அதுக்கப்புறம் கோட்டை பந்து மாதிரி கை மாறிச்சு. 1767இல் கம்பெனி எடுத்தது, அடுத்த வருஷமே ஹைதர் திருப்பி எடுத்தார். 1783இல் மறுபடி கம்பெனி, 1784 உடன்படிக்கையில் திப்புவுக்குத் திரும்பக் கொடுத்தாங்க. 1790இல் கம்பெனி கடைசியா பிடிச்சது, 1792இல் எழுத்தில் உறுதியாச்சு. சிவகங்கை வேலு நாச்சியார், கணவர் கொல்லப்பட்ட பிறகு, இந்தச் சீமையில் விருப்பாச்சி கோபால் நாயக்கர் பாதுகாப்பில் இருந்துதான் ஹைதரிடம் உதவி பெற்றார். அந்தக் கோபால் நாயக்கரை 1801இல் கம்பெனி தூக்கில் போட்டது. கோபாலசமுத்திரம் குளத்தங்கரையில்தான்னு ஊர்ல சொல்வாங்க. இப்போ அந்தப் பக்கம் போற வண்டிகள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே நாப்பது வயசுக்கு மேலதான் தெரியும்.

உச்சியில் பீரங்கி மேடு, ஆயுதக் கிடங்கு, மழைத் தண்ணி தேங்குற சுனை எல்லாம் பார்த்துட்டு கோயிலுக்கு வந்தோம். தூண்ல நல்ல சிற்பம் இருக்கு. கருவறை காலி. பாப்பா உள்ளே எட்டிப் பார்த்துட்டு, "மாமா, சாமி எங்கே?"ன்னா. நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள, "ஈலியில மாதிரி இங்கேயும் உடைச்சாங்களா?"ன்னு அடுத்த கேள்வி.

இந்த இடத்தில்தான் நான் திணறினேன். ஏன்னா இதுக்கு ஊர்ல பல பதில் இருக்கு. போர்க் காலத்தில் சாமியைக் கீழே கொண்டுபோய் ஊருக்குள்ள வச்சாங்கன்னு ஒரு கதை. யார் கொண்டுபோனாங்க, எதுக்காகன்னு கேட்டா, சொல்றவரைப் பொறுத்து மாறும். ஒருத்தர் ஹைதரைக் குறை சொல்வார், இன்னொருத்தர் திப்பு பேரை எடுப்பார், வேற ஒருத்தர் பாதுகாப்புக்காகப் பக்தர்களே இறக்கினாங்கன்னு சொல்வார். மேலே மறுபடி சிலை வைக்கணும்னு அவ்வப்போது கோரிக்கை வருது. கோட்டை தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கு. வருஷா வருஷம் இதை வச்சுப் பேச்சு சூடாகுது. எனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா, அந்தக் காலி அறையை முதல்ல காலி அறையா ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம். அது என்ன நடந்ததுன்னு பொய் சொல்லாம நிக்குது. நம்மகிட்ட இல்லாதது அந்தப் பக்கத்தில் ஒரு நேர்மையான பலகை.

பாப்பாகிட்ட, "உடைக்கலைம்மா, கீழே வந்துட்டாங்கன்னு சொல்றாங்க, வா காட்டுறேன்"னேன்.

சொன்னதோட இறங்கும்போது நான் வழக்கமா செய்யாத ஒண்ணைச் செஞ்சேன். அடிவாரத்தைச் சுத்தி நடந்தேன். கோட்டை மாரியம்மன் கோயில் முதல்ல. மாசித் திருவிழாவுக்கு ஊரே அங்கேதான் நிக்கும். திப்புவோட படைவீரர்கள் கும்பிட்ட அம்மன்னு சொல்லுவாங்க. அப்புறம் பேகம்பூர் பெரிய பள்ளிவாசல். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் அங்கே இருக்கு. ஊர்ப் பகுதிக்குப் பேரே அவங்களால வந்தது. அடுத்து புனித வளனார் பேராலயம். 1866இல் தொடங்கி 1872இல் முடிச்ச கட்டடம். நகராட்சி உருவானதும் அதே 1866தான். ஆனா அது பேராலயம் ஆனது 2003 நவம்பர் 10இல், திருச்சி மறைமாவட்டத்திலிருந்து திண்டுக்கல்லைத் தனியா பிரிச்சப்ப. முதல் ஆயர் அந்தோணி பாப்புசாமி.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் பழைய கணக்குப்படி பேராலயம் இருந்தாத்தான் ஊருக்கு 'சிட்டி'ன்னு பேர். 1889இல் பர்மிங்காம்தான் அந்த வழக்கத்தை உடைச்சது. அந்தக் கணக்கில் நாம 2003லேயே சிட்டி. நம்ம அரசாங்கம் மாநகராட்சின்னு சொன்னது 2014இல்! அத்தை மகன்கிட்ட இதைச் சொன்னதும், "அப்போ நீ கதீட்ரல் சிட்டிக்காரன்தான்"னான்.

கடைசியா அபிராமி அம்மன் கோயில். காளஹஸ்தீஸ்வரர், ஞானாம்பிகை ஒரு பக்கம். பத்மகிரீஸ்வரர், அபிராமி இன்னொரு பக்கம். பத்மகிரிங்கிறது மலையோட பேர். மேலேயிருந்து வந்தவங்க இவங்கதான்னு ஊர் சொல்லுது. பாப்பா வெளியே பூ விக்கிற அம்மாகிட்ட, தனக்குத் தெரிஞ்ச தமிழில் கேட்டா: "இவங்கதானா மேல இருந்தவங்க?"

"ஆமா கண்ணு. அவ்ளோ உசரம் நாங்க எங்க ஏறி வர்றது? அதான் இறங்கி வந்துட்டாங்க."

நான் படிச்ச எந்தப் புத்தகத்திலும் இல்லாத காரணம். அத்தை மகன் அதை அங்கேயே போனில் எழுதிக்கிட்டான்.

மலைக்குப் போறவங்க காலையிலேயே போயிடுங்க, பாறை சூடேறிட்டா கால் வைக்க முடியாது. தண்ணி கையில் வச்சுக்கோங்க. இறங்கினதும் பிரியாணி சாப்பிடாம அடிவாரத்தை ஒரு சுத்து நடங்க, அப்புறம் சாப்பிடலாம். அடுத்த எபிசோடில் விருப்பாச்சிக்குப் போறோம், கோபால் நாயக்கரைப் பத்தி விரிவா பேசலாம்.