இரட்டைக் குழல் துப்பாக்கி (காவிரிப் படுகை)

இரட்டைக் குழல் துப்பாக்கி தோளில் அணைத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கி வகைகளில் ஒன்று. ரைஃபிளின் குழலுக்குள் இருக்கும் திருகுவரிகள் இதில் கிடையா, உட்புறம் வழவழவென்றிருக்கும். ஒரு தோட்டாவிலிருந்து ஒரே குண்டு பாய்வதற்குப் பதில் பல ஈய ரவைகள் விரிந்து செல்லும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பழைய மிராசுதார் வீடுகளில் 'டபுள் பேரல்' என்றால் பெரும்பாலும் 12 போர் அளவுள்ள இந்தத் துப்பாக்கிதான். இதே அளவில் ஒற்றைக் குழல் கொண்டதும் உண்டு. வங்கி வாசலில் காவலர் கையில் நாம் பார்ப்பது இவ்விரண்டில் ஒன்று.

ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ, அதுவே 12 போர் குழலின் துளை, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 20 போர் அதைவிடக் குறுகலானது. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்.

வந்த வழி

காவிரி பிறக்கும் குடகில் கொடவர்களும் ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களும் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்தில் கிடைத்த அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. அதே ஆறு கடல் சேரும் படுகையில் அந்தச் சலுகை இல்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு இங்கே துப்பாக்கி என்பது கலெக்டர் கச்சேரியில் மனுப் போட்டு வாங்க முடிந்தவர்களின் சொத்தாயிற்று. அதனால் அது குடிசைக்குப் போகவில்லை, பண்ணை வீட்டுக்குப் போனது. பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட், கிரீனர் போன்ற பெயர்கள் பொறித்த துப்பாக்கிகளும், பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தில் செய்த மலிவான துப்பாக்கிகளும் இந்தியாவுக்கு நிறைய வந்தன. கடிகாரத்துக்குப் பேர்போன சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயரைப் பொறித்தே துப்பாக்கிகளை விற்றிருக்கிறது.

களத்தில் குவித்த நெல்லுக்கும் தென்னந்தோப்புக்கும் இரவுக் காவல், கதிர் பிடித்த வயலில் இறங்கும் பறவைகளை விரட்டுதல், ஏரியில் சிறகி, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகளைச் சுடுதல் ஆகியவை இதன் வேலைகள். காவலுக்கு ரவையைவிடச் சத்தமே அதிகம் பயன்பட்டது.

வயலைக் காக்க வாங்கியதாகச் சொல்லப்பட்ட துப்பாக்கி, அந்த வயலில் இறங்கி நட்டவர்களை நோக்கியும் நீண்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடியிருப்பை நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு சூழ்ந்தார்கள். ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். படுகையின் துப்பாக்கியைப் பற்றி எழுதும் யாரும் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஒடுங்கி, அதன் 1991 திருத்தத்தோடு முடிந்தது. முன்பு சிறகி சுட்ட நீர்நிலைகளில் சில இன்று சரணாலயங்கள்: கோடியக்கரை 1967, உதயமார்த்தாண்டபுரம் 1998, வடுவூர் 1999. நெல்லைத் தின்னும் மயிலும், வேதாரண்யம் பக்கத்துப் புல்வெளி வெளிமானும் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருப்பவை. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வழி திறந்தது. அதன்படியும், காட்டு எல்லைக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்குத்தான், விவசாயிக்கு இல்லை. ஆகவே இன்று லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கும் படுகைக் குடும்பத்துக்கு அது சுடும் கருவி என்பதைவிடப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு.

தோட்டா

தோட்டாவின் அடியில் பித்தளைத் தொப்பியும் அதன் நடுவில், அடித்தால் தீப்பற்றும் கேப்பும் இருக்கும். உள்ளே மருந்து, அதற்கு மேல் தக்கை, அதற்கு மேல் ரவை. வாய் மடித்து மூடியிருக்கும். இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது புனே அருகிலுள்ள கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. 1869-இல் தொடங்கிய அந்த ஆலை 2021 முதல் முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

ரவையின் பருமனை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பார்கள். ஓர் அவுன்ஸ் எடைக்கு 6-ஆம் எண் ரவை சுமார் 270 வரும். 4-ஆம் எண் 170, 1-ஆம் எண் 100, பிபி 70. எஸ்ஜி என்றால் எட்டே எட்டு, எல்ஜி என்றால் ஆறு. கடைசி இரண்டும் ரவை என்ற பெயருக்கே பொருந்தாத குண்டுகள். காவலர்களின் தோட்டாக்கள் இவ்வகை. வீட்டுக் காவலுக்கு என்று எல்ஜி வாங்கி வைப்பவர்கள், அது கூரை ஓட்டையும் மெல்லிய சுவரையும் கடந்து அடுத்த வீட்டுக்கு என்ன செய்யும் என்பதை முதலில் நினைக்க வேண்டும்.

படுகையில் இருக்கும் பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா தேர்வதில் உயிர்போகும் விஷயம் ரவையின் எண் அல்ல, நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போதைய தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் பரவலானது. தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் நீளம் வாய் மடிப்பு விரிந்த பிறகு வரும் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டையாக இருப்பதால் சின்ன அறைக்குள்ளும் சுலபமாக இறங்கிவிடும், குழலும் மூடிக்கொள்ளும். சுட்ட கணத்தில் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் நீண்டு வழியை நெரிக்கும்; அழுத்தம் எகிறும். ஒரு தரம் தாங்கலாம், நூறு வருஷத்துக் குழல் எத்தனை தரம் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 'உள்ளே போகிறதே' என்பது பொருத்தத்துக்குச் சான்று ஆகாது. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால், அறையின் அடிப்புறத் தட்டையில் சோதனைச் சாலையின் முத்திரைகள் தெரியும். பல துப்பாக்கிகளில் அறை நீளமும் அங்கே பொறித்திருக்கும். இல்லையென்றால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் அளந்து பார்த்த பிறகுதான் தோட்டா வாங்க வேண்டும்.

குழலின் மேற்பரப்பில் பாம்புச் சட்டை போல நெளிநெளியான வரிகள் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக் காலத்தில் செய்த அதில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடவே கூடாது. அந்தத் துப்பாக்கி அழகான பொருள், சுவரில் இருக்கட்டும்.

20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பெட்டியில் வைப்பது இன்னொரு ஆபத்து. சின்னது பெரிய குழலுக்குள் நழுவி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதனால் வந்தது.

இரு குழல்களின் வாயும் பொதுவாக ஒரே அளவில் இருக்காது. ஒன்று அகலமாக விடும், மற்றது 'சோக்' எனப்படும் ஒடுக்கத்தால் ரவைகளை நெருக்கமாக அனுப்பும். ஒடுக்கம் அதிகமான குழலில் எல்ஜி, எஸ்ஜி போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

ஈரம்

ஐப்பசி கார்த்திகையில் படுகை முழுக்கத் தண்ணீராக நிற்கிறது. சுவர் வியர்க்கிறது, உப்பு நீர்த்துப் போகிறது. துப்பாக்கியின் முதல் எதிரி இந்த ஈரம்தான். பழைய காகிதத் தோட்டாக்கள் இந்த மாதங்களில் ஊதி, அறைக்குள் போகாமல் நிற்கும். போனாலும் வெளியே வராது. பிளாஸ்டிக் உடல் வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தாலும் பித்தளைத் தொப்பியில் பச்சைக் களிம்பு ஏறுவது நிற்கவில்லை. களிம்பேறியதையும் ஊதியதையும் தனியே ஒதுக்கிவிட வேண்டும். நல்ல தோட்டாக்கள் துப்பாக்கி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறொரு பூட்டிய பெட்டியில், அடுப்பங்கரைச் சூடும் தரையின் ஈரமும் படாமல் இருக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைப்பது பலர் செய்யும் தவறு. மரியாதையாகப் போர்த்தி வைத்திருப்பதாக நினைப்பார்கள். தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து இரும்பின்மேல் ஒட்டவைக்கின்றன. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்து, இரு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு, குழலைக் கழற்றிக் காய்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசினாக இறுகும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற இலேசான கனிம எண்ணெய் நல்லது. விரல் ரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் பூக்கும், அதனால் கடைசியாகத் தொடுவது துணியாக இருக்கட்டும்.

சுட்டிருந்தால் அன்றே சுத்தம் செய்ய வேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும் உப்பு. வெந்நீர்தான் அதைக் கரைக்கும். பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய். எண்ணெய் போட்டதும் நிமிர்த்தி வைத்தால் மிச்சம் வழிந்து கட்டைக்குள் இறங்கி, இரும்போடு சேரும் இடத்தில் மரம் கறுத்து இற்றுவிடும். ஒரு நாள் குழல்வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து. துப்பாக்கி வைக்கும் பீரோவைச் சுவரை ஒட்டிப் போட்டால் கரையான் வந்துவிடும்.

உதிரிப் பாகம்

பழைய துப்பாக்கிகள் அரத்தால் இழைத்துச் செய்தவை. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையிலிருந்து கழற்றிய, கேப்பை அடிக்கும் ஊசிகூட இன்னொன்றில் சரியாக உட்காராது. எனவே பாகம் தேர்வதென்பது நடைமுறையில் கைவினைஞரைத் தேர்வதுதான். அடிக்கடி போவது ஊசியும் வில்லும். காலி அறையில் விசையை அழுத்திப் பார்ப்பதால் ஊசி முறியும். அதற்கென உள்ள போலித் தோட்டா போட்டு அழுத்தலாம். முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை இலேசாக ஆட்டினால் 'டக்டக்'கென்று சத்தம் வருகிறதா, குழலில் நசுங்கல் உண்டா, வெளிச்சத்தில் பார்க்க உட்புறம் அம்மைத் தழும்பு போல அரித்திருக்கிறதா என்பவற்றை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதில் எது இருந்தாலும் சுடக் கூடாது.

லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம். கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு இடமில்லை. குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் அனுமதியின்றிக் கூடாது.

லைசென்ஸ்

1959 ஆயுதச் சட்டம் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் அனுமதிக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான். அது போதாது என்று அதிகாரி கருதினால் மற்றது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே. லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். கல்யாணத்திலோ திருவிழாவிலோ கொண்டாட்டமாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வருவது வழக்கம்.

உரிமையாளர் இறந்தால் துப்பாக்கி பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிப் பங்கு போடும் பொருள் அல்ல. அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு தன் பெயரில் மனுச் செய்ய வேண்டும். வேண்டாமென்றால் சட்டப்படி விற்றுவிடலாம். பரணில் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடக்கும் ஊதிய காகிதத் தோட்டாக்களும் அதே ஒப்படைப்பில் சேர்ந்தவை. அவற்றை வாய்க்காலில் எறிவதோ, அடுப்பில் போடுவதோ, பிரித்துப் பார்ப்பதோ கூடாது. எத்தனை என்று எண்ணி எழுதி, ரசீதில் அந்த எண்ணிக்கை வரும்படி கேட்டு வாங்க வேண்டும்.