உடல் பருமன்: சீன மருத்துவம் என்ன சொல்கிறது? நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் "மருந்தில்லா மருத்துவம்", "அக்குபங்சர்", "தொடு சிகிச்சை" என்ற பலகைகள் இன்று புதியவை அல்ல. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் சென்று கொண்டிருந்த மக்கள் இப்போது உடல் எடையைக் குறைக்கவும் அங்கே செல்கிறார்கள். இன்னொரு பக்கம், திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்வரும் உறவினர்கள் தைலத்தோடும் மிட்டாயோடும் "ஸ்லிம்மிங் டீ", "எடை குறைக்கும் சீன மாத்திரை" ஆகியவற்றையும் கொண்டு வருகிறார்கள். இரண்டுக்கும் பெயர் சீன மருத்துவம்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வது குடும்பத்தின் உடல்நலத்தைக் காக்கும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இது இந்திய சராசரியைவிட மிகவும் அதிகம். எனவே இது நம் ஒவ்வொரு வீட்டையும் தொடும் விஷயம்.

சீன மருத்துவத்தின் பார்வை

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய "ஹுவாங்தி நெய்ஜிங்" என்ற நூலே சீன மருத்துவத்தின் அடிப்படை நூல். இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவைத் தொடர்ந்து உண்பவருக்கு உடலின் உள்ளே சூடும் வயிற்றில் நிறைவும் தங்கி, அது பின்னர் தீராத தாகமுள்ள நோயாக மாறும் என்ற கருத்து அதில் உள்ளது. அந்தத் தாக நோயைத்தான் இன்று நாம் பெரும்பாலும் சர்க்கரை நோய் என்கிறோம். உணவு, பருமன், சர்க்கரை என்ற தொடர்பு அவ்வளவு பழைய காலத்திலேயே கவனிக்கப்பட்டிருக்கிறது.

சீன மருத்துவத்தில் கொழுப்பு என்பது வெறும் சேமிப்பு அல்ல; உடல் வெளியேற்றத் தவறிய கழிவு. உண்ட உணவைச் சத்தாக மாற்றி உடலெங்கும் அனுப்பும் வேலையை அவர்கள் "மண்ணீரல்" செய்வதாகச் சொல்கிறார்கள். இது ஸ்கேனில் தெரியும் மண்ணீரல் அல்ல. செரிமான ஆற்றல் முழுவதற்கும் அவர்கள் வைத்த பெயர். அந்த ஆற்றல் தளர்ந்தால் உணவின் ஈரம் முழுதாக மாறாமல் தேங்குகிறது. தேங்கிய ஈரம் நாளடைவில் கெட்டியாகிக் கபமாகிறது. கபம் தோலுக்கடியிலும் வயிற்றிலும் படிந்து பருமனாகிறது. பருமனானவர்களிடம் கபமும் ஈரமும் மிகுந்திருக்கும் என்று 14-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மருத்துவர் ஜு தான்ஷி எழுதினார். பருமனான பெண்களுக்குக் கருத்தரிப்பு தள்ளிப் போவதையும் அவர் இதனோடு இணைத்தார்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான பேச்சு அல்ல. சித்த மருத்துவம் கபம் என்கிறது. யூனானி மருத்துவம் பல்கம் என்கிறது. யூனானியில் மிகைப் பருமனுக்கு "சிமன் முஃப்ரித்" என்றே தனிப்பெயர் உண்டு. இப்னு சீனா தமது "அல்கானூன்" நூலில் பருமனின் தீங்குகளைத் தனியாக எழுதியிருக்கிறார். முஸ்லிம் உலகுக்கும் சீன மருத்துவத்துக்கும் இடையிலான உறவும் பழையது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானின் தப்ரீஸ் நகரில், அமைச்சரும் மருத்துவருமான ரஷீதுத்தீன், சீன மருத்துவ நூல்களைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவரச் செய்தார். இந்த மருத்துவ முறைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தாலும் ஒன்றே அல்ல. ஒன்றின் மருந்தை மற்றொன்றின் பெயரில் உண்ணக் கூடாது.

ஐந்து வகைப் பருமன்

சீன அரசின் சுகாதார ஆணையம் 2024-ல் வெளியிட்ட பருமன் வழிகாட்டுதலும் இந்தப் பழைய பகுப்பைச் சேர்த்துக் கொண்டுள்ளது. ஐந்து வகைகளையும் எளிமையாக இப்படிச் சொல்லலாம்:

1. இரைப்பைச் சூடு: எப்போதும் பசி, அதிக உணவு, வாய் வறட்சி, மலச்சிக்கல். பெரும்பாலும் இளைஞர்கள்.

2. கப-ஈரத் தேக்கம்: உடல் பாரமாகத் தோன்றும், உண்டதும் தூக்கம் வரும், நாக்கில் வெள்ளைப் படிவு இருக்கும், வயிறு பெருத்திருக்கும்.

3. சக்தித் தேக்கமும் இரத்தத் தேக்கமும்: மன அழுத்தம், எரிச்சல், நெஞ்சு இறுக்கம், மாதவிடாய்க் கோளாறு. கவலையில் உண்பவர்கள் இதில் வருவார்கள்.

4. செரிமான ஆற்றல் குறைவு: குறைவாக உண்டாலும் எடை ஏறும், களைப்பு, வயிறு உப்புசம், தளர்ந்த சதை இருக்கும்.

5. உடற்சூட்டுக் குறைவு: கைகால் குளிர்ச்சி, இடுப்பு வலி, கால்வீக்கம். பெரும்பாலும் வயதானவர்கள்.

நான்காவது, ஐந்தாவது வகைகளின் அறிகுறிகளைப் பாருங்கள். களைப்பு, குளிர் தாங்காமை, வீக்கம், காரணமில்லாமல் எடை ஏறுதல் ஆகியவை தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகளும்தான். மூன்றாவது வகையின் மாதவிடாய்க் கோளாறு சினைப்பை நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். எனவே நாடி பார்ப்பதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை அவசியம். சீனாவின் மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவர்கள் நாடியும் நாக்கும் பார்ப்பதோடு ஆய்வக முடிவுகளையும் பார்த்தே சிகிச்சை தருகிறார்கள்.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

முதலாவது உணவு. சீன மருத்துவம் மருந்தைவிட உணவையே முன்னே வைக்கிறது. வயிறு எழுபது சதவீதம் நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே பாட்டிமார் சொல்லும் வழக்கு. வயிற்றை மூன்று பங்காக்கி உண்ணும் நபிவழியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கடைப்பிடிப்பதில்தான் குறை. குளிர்பானம், பொரித்த பண்டம், மிகுந்த இனிப்பு, இரவில் தாமதமான உணவு ஆகியவை கபத்தைப் பெருக்கும் என்று விலக்கச் சொல்கிறார்கள். சைனீஸ் பார்லி என்று விற்கப்படும் தானியம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், தாமரை இலை, பார்லி நீர் போன்றவற்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது அக்குபங்சர். பருமனுக்குப் பெரும்பாலும் பயன்படும் புள்ளிகள் சில உண்டு. முழங்கால் சில்லுக்கு நான்கு விரல் கீழே வெளிப்புறத்தில் உள்ள ஸுசான்லி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கபத்துக்கென்றே சொல்லப்படும் ஃபெங்லோங், தொப்புளின் இருபுறமும் உள்ள தியான்ஷு, தொப்புளுக்கு மேலே நடுவயிற்றில் உள்ள ஜொங்வான் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஊசிகளை இருபது முப்பது நிமிடம் வைத்திருந்து, வாரம் இரண்டு மூன்று முறை எனப் பல வாரங்கள் தொடர்வார்கள். சிலர் பசியடக்கக் காதுமடல் புள்ளிகளில் சிறு விதைகளை ஒட்டி அழுத்தச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள, ஒரு புள்ளியை விரலால் தொட்டு முடித்துவிடும் முறை சீன மருத்துவமனைகளில் நடப்பதிலிருந்து வேறுபட்டது.

மூன்றாவது கோப்பை சிகிச்சை. நம்மிடம் ஹிஜாமா என்று அறியப்படுவதற்கு நெருங்கியது இது. சீன முறையில் பெரும்பாலும் இரத்தம் எடுக்காமல், எண்ணெய் தடவி வயிற்றின் மேல் கோப்பையை நகர்த்துவார்கள்.

நான்காவது மூலிகைக் கலவைகள். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பலன் எவ்வளவு?

பருமனுக்கு அக்குபங்சர் பற்றி நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துச் செய்தால் ஓரளவு எடை குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை. குறையும் எடையும் சராசரியாகச் சிறிதே. எனவே அக்குபங்சரை ஒரு துணையாகப் பார்க்கலாம். உணவையும் நடையையும் மாற்றாமல் ஊசி மட்டும் எடையைக் குறைக்கும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்தியாவில் அக்குபங்சரை அறிமுகம் செய்தவர், 1950-களின் இறுதியில் சீனாவில் அதைக் கற்றுவந்த கொல்கத்தா மருத்துவர் பி.கே. பாசு. மத்திய அரசு 2019-ல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனால் சீன மூலிகை மருத்துவம் நம் ஆயுஷ் முறைகளில் இல்லை.

எச்சரிக்கை தரும் மூன்று நிகழ்வுகள்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஓர் எடைக் குறைப்பு மையத்தில் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தப் பாதிப்பு 100-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏற்பட்டது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொரு மூலிகை சேர்ந்ததே காரணம். அதிலிருந்த நச்சு அரிஸ்டோலோக்கிக் அமிலம். நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே செடிக் குடும்பம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று பொருளல்ல.

2002-ல் சிங்கப்பூரில் "ஸ்லிம் 10" என்ற எடைக் குறைப்பு மாத்திரை உண்டவர்களின் கல்லீரல் பாதிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், ஒரு நடிகைக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது. மூலிகை என்று விற்கப்பட்ட அதில் அறிவிக்கப்படாத இரசாயன மருந்து இருந்தது.

எடைக் குறைப்புக்குப் பயன்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டது. 2011-ல் இந்தியாவும் தடை செய்தது. ஆனாலும் "ஸ்லிம்மிங்" காபிகளிலும் மாத்திரைகளிலும் அது ஒளிந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துள்ளன.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

- சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளை எந்தச் சிகிச்சைக்காகவும் தாமாக நிறுத்தக் கூடாது. "மாத்திரையை விட்டால்தான் நாடி பேசும்" என்று சொல்பவரிடம் சிகிச்சை பெற வேண்டாம். இன்சுலினை நிறுத்தினால் சிலருக்குச் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

- உணவைக் குறைக்கும்போது சர்க்கரை மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். இல்லையெனில் சர்க்கரை திடீரென இறங்கும். நோன்புக் காலத்தில் இது இன்னும் முக்கியம். மருத்துவரிடம் முன்பே கேளுங்கள்.

- ஊசி புதிதா, ஒருமுறை மட்டும் பயன்படுவதா என்று கண்முன் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

- வயிற்றுப் புள்ளிகளில் சிகிச்சை என்பதால், பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளர் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

- சீன மருந்துகளில் விலங்குப் பொருட்கள் உண்டு. கேப்சூல் உறை பன்றி ஜெலட்டினாக இருக்கலாம். சில சாறுகள் மதுவில் ஊறவைக்கப்பட்டவை. "நூல் பதிக்கும்" அக்குபங்சரில் தோலுக்கடியில் வைக்கப்படும் நூலும் பெரும்பாலும் ஆடு மாட்டுக் குடலிலிருந்து செய்யப்படுவது. கேட்டுத் தெளிவு பெறுவது நம் உரிமை.

- பெட்டியில் எழுதியிருப்பது நமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், அந்த மருந்து நம் வீட்டுக்கு வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக் கொள்ளுங்கள். தென்னூர் உழவர் சந்தையில் கீரையும் காயும் மலிவாகவே கிடைக்கின்றன. காவிரிப் பாலத்திலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் மாலையில் நடப்பவர்களோடு நாமும் நடக்கலாம். விருந்து பிரியாணியும் நெய்ச்சோறும் விருந்து நாளோடு நிற்கட்டும். இரவுப் பரோட்டாவை வாரத்தில் ஒரு நாளாகக் குறைக்கலாம்.

இவற்றைச் செய்துகொண்டே, தகுதியான ஒருவரிடம் அக்குபங்சரும் பெற விரும்பினால் தாராளமாகப் பெறலாம். சீன மருத்துவத்தின் பழைய நூல்களும் குறைவாக உண், அசைந்து வாழ் என்பதையே முதலில் சொல்கின்றன. பெட்டியில் வரும் மாத்திரை அந்த மருத்துவத்தின் பெயரை மட்டுமே சுமந்து வருகிறது.