பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை



ஜூபிலி மலர் என்றால் அதில் கோயில் எழும்பிய வரலாறு இருக்கும்; மணிக்கூண்டின் கதை இருக்கும்; தேரும் சப்பரமும் கொடிமரமும் வந்த விதம் இருக்கும். ஆனால் ஞாயிறுதோறும் நம் அனைவர் கண்ணுக்கும் எதிரே நின்றும், எவரும் வரலாறு எழுத நினைக்காத பொருள் ஒன்று உண்டு. வாசக மேடையில், ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில், தலையில் கம்பி வலைப் பந்தைச் சுமந்து நிற்கும் ஒலிவாங்கிதான் அது. 'மைக்' என்று நாம் எல்லோரும் அழைக்கும் இந்த எளிய கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

குரலே துணையாக இருந்த காலம்

விசுவாசம் செவி வழியாக வருவது என்பது புனித சின்னப்பரின் போதனை. ஆகவே கூட்டம் பெருகிய நாளிலிருந்தே, கடைசியில் நிற்பவன் காதுக்கு வார்த்தை எப்படிச் சேரும் என்ற கவலை திருச்சபைக்கு இருந்து வந்திருக்கிறது. நம் ஆண்டவரே கடற்கரையில் மக்கள் நெருக்கியபோது படகில் ஏறி அமர்ந்து, கரையில் நின்றவர்களுக்குப் போதித்தார். கான்ஸ்தாந்திநோப்பிள் நகரின் ஆயராயிருந்த பொன்வாய் அருளப்பர், மக்கள் நன்றாகக் கேட்கும்பொருட்டுத் தம் இருக்கையை விட்டு, கோயிலின் நடுவே இருந்த வாசக மேடையில் அமர்ந்து பிரசங்கித்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் குறிக்கிறார். பழைய கோயில்களில் பிரசங்க மேடைக்கு மேல் மரத்தால் செய்த கூரை ஒன்றைக் காணலாம். அது அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல. மேலே போய் வீணாகும் குரலை மக்கள் பக்கம் திருப்பிவிடுவதற்காக வைத்தது.

இத்தனை முயற்சிக்கும் எல்லை இருந்தது. 1869-70ஆம் ஆண்டுகளில் முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் உரோமையில் புனித இராயப்பர் பேராலயத்தின் ஒரு பக்கச் சிறகில் கூடியது. உலகெங்குமிருந்து வந்த ஆயர்களில் பலருக்கு, பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதே சரியாக விளங்கவில்லை. திரைகளும் தடுப்புகளும் அமைத்துப் பார்த்தார்கள். திருச்சபையின் தலைசிறந்த போதகர்கள் கூடிய அவையிலேயே இந்த நிலை!

மின்சாரம் குரலைச் சுமந்தது

விடை விஞ்ஞானத்தின் பக்கமிருந்து வந்தது. காந்தத்தின் அருகே கம்பிச் சுருள் அசைந்தால் அக்கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். 1874இல் ஜெர்மானியரான வெர்னர் சீமன்ஸ், காந்தப் புலத்தில் அசையும் சுருள் என்ற அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார். ஆனால் அதன் வழியே செல்லும் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்க அன்று வழியில்லை. எனவே தொலைபேசியில் முதலில் இடம்பிடித்தது கரித்துகள் ஒலிவாங்கியே. அது பேச்சைக் கடத்தும். ஆனால் கரகரப்பும் இரைச்சலும் கூடவே வரும்.

1919 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன், சான்டியாகோ நகரில் ஏறத்தாழ 50,000 மக்கள் முன் ஒலிபெருக்கியின் வழியாக உரையாற்றினார். 1931ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வென்ட், துராஸ் என்ற இருவர் அசையும் சுருள் கொண்ட, வேலைக்கு உகந்த 'டைனமிக்' ஒலிவாங்கியை உருவாக்கினர். நம் காலத்து மேடை மைக்குகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. அதே 1931இல், பெப்ருவரி 12ஆம் நாள், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் இலத்தீனில் பேசினார். பாப்பரசர் ஒருவரின் குரலை உலகம் வானொலியில் கேட்டது அதுவே முதல் முறை.

மறு ஆண்டு ஜூனில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் அகில உலக நற்கருணை மாநாடு நடந்தது. பீனிக்ஸ் பூங்காவில் நடந்த இறுதித் திருப்பலிக்குக் கூடியவர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். பூங்காவிலும் நகரத் தெருக்களிலும் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. ஜான் மக்கார்மக் என்ற புகழ்பெற்ற பாடகர் அங்கே பாடிய நற்கருணைக் கீதம் மாபெரும் கூட்டத்தின் செவிகளையும் எட்டியது. நூறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பாடகனாலும் செய்திருக்க முடியாத காரியம் இது.

இன்னொரு சிறு செய்தியும் நம்மவருக்கு இனிக்கும். அமெரிக்காவில் நோத்ரு தாம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி, காலில் இரத்தக்குழாய் நோயால் அவதிப்பட்டார். மைதானத்தில் ஓடியாடி ஆட்டக்காரரை அழைக்க இயலாத அவருக்கு, அவ்வூர் இளைஞர் இருவர் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தார்கள். அதுவே தம் மின்சாரக் குரல் என்று அவர் மகிழ்ந்தாராம். அதிலிருந்தே 1930இல் அந்த இளைஞர்களின் நிறுவனத்துக்கு 'எலக்ட்ரோ-வாய்ஸ்' என்ற பெயர் வந்தது. ஒரு நோயாளியின் தேவையிலிருந்து எழுந்த பெயர் அது.

உள்ளே நடப்பது என்ன?

டைனமிக் மைக்கின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று உண்டு. மேளத்தின் தோல் அடிக்கு அதிர்வதுபோல, அது நம் குரலுக்கு அதிரும். அதன் பின்னே ஒட்டிய நுண்ணிய கம்பிச் சுருள், காந்தத்தின் இடைவெளியில் முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவே மின்சாரமாகிறது. மின்கலம் வேண்டாம்; வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டாம். பேசுகிறவனின் மூச்சே அதற்கு உயிர். உறுப்புகள் சில, அமைப்பு உறுதியானது. ஆகவே நாடா மைக், கண்டென்சர் மைக் போன்ற நொய்ந்த கருவிகள் தாங்காத இடத்தில் இது தாங்கும்.

ஆனால் பெரிய தொல்லை ஒன்று மிஞ்சியிருந்தது. ஒலிபெருக்கியின் சத்தம் திரும்பவும் மைக்கில் புகுந்து, மறுபடி பெருகி வெளிவந்து, மீண்டும் உள்ளே புகுந்தால், 'கூ' என்ற ஊளை எழும். திருவிழா மறையுரையின் உச்சத்தில் இந்த ஊளை கிளம்பிய அனுபவம் எந்தக் குருவுக்குத்தான் இல்லை? இதைத் தடுக்க, முன்னால் வரும் ஒலியை ஏற்றுப் பின்னால் வரும் ஒலியைத் தள்ளும் மைக் தேவைப்பட்டது. அந்நாளில் அதற்கு இரண்டு கருவிகளை ஒரே கூட்டில் இணைத்தார்கள். அது பருமனாகவும் விலை மிகுந்தும் இருந்தது.

சிக்காகோ நகரில் 1925இல் சிட்னி ஷூர் என்பவர் வானொலி உதிரிப் பொருள் விற்கத் தொடங்கிய சிறு நிறுவனம், 1932 முதல் ஒலிவாங்கி செய்து வந்தது. அங்கே பொறியாளராயிருந்த பெஞ்சமின் பாவர், ஒரே கருவியாலேயே இதைச் சாதித்தார். தகட்டின் பின்புறத்திலும் அளவான வழிகள் திறந்துவிட்டார். பின்னாலிருந்து வரும் ஒலி, அவ்வழிகளிலும் முன்புறத்திலும் ஒருசேர வந்து தகட்டை இருபக்கமும் சமமாக அழுத்தும். எனவே தகடு அசையாது, ஊளையும் எழாது. 1939இல் வெளிவந்த 'யூனிடைன்' மைக் இதுவே. இத்தகைய மைக் ஒலியை ஏற்கும் பரப்பை வரைந்து பார்த்தால் இருதய வடிவம் கிடைக்கும். இருதய வடிவம் என்ற பொருள் தரும் பெயரையே விஞ்ஞானிகளும் அதற்கு இட்டிருக்கிறார்கள். எதிரே நின்று பேசுகிறவனுக்குச் செவிசாய்த்து, புறத்து இரைச்சலைத் தள்ளிவிடும் இருதயம்! ஜெபத்துக்கும் வேறென்ன இலக்கணம் சொல்ல முடியும்?

அடி தாங்கிய மைக்

இரண்டாம் உலகப் போரில் ஷூர் நிறுவனம் படைகளுக்கு ஒலிவாங்கி செய்து கொடுத்தது. மழையும் உப்புக்காற்றும் அதிர்ச்சியும் தாங்கவேண்டிய அந்தப் படைத்தரத்தையே, பின்னர் மற்ற மைக்குகளுக்கும் அது அளவுகோலாக வைத்துக்கொண்டது. அதன் பயனை எர்னி சீலர் என்ற பொறியாளர் முழுமையாக்கினார். பக்கவாட்டில் பேசவேண்டியிருந்த பழைய அமைப்பை மாற்றி, நுனியில் பேசும் 'யூனிடைன் 3' மைக்கை 1959இல் கொண்டுவந்தார். மாதிரிகளைக் கீழே போட்டார்; வீசி எறிந்தார்; சூட்டில் வைத்தார்; நீரில் அமிழ்த்தினார். எதில் உடைகிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்தார். 1965இல் எஸ்.எம். 57 வந்தது, 1966இல் பந்துத் தலையோடு எஸ்.எம். 58 வந்தது. எஸ்.எம். என்றால் ஸ்டுடியோ மைக்ரோபோன். தொலைக்காட்சி, வானொலி நிலையங்களுக்கென்றே செய்ததால் மின்னாத கருஞ்சாம்பல் நிறம் கொடுத்து, பேச்சின் நடுவே தவறுதலாக அணைந்துவிடாதிருக்கப் பொத்தானையும் நீக்கியிருந்தார்கள்.

நிலையங்கள் அதை அதிகம் வாங்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில் உற்பத்தியையே நிறுத்திவிடலாமா என்ற எண்ணமும் எழுந்தது. கடைசி முயற்சியாக லாஸ் வேகாஸ் நகரத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். வீடு கட்டுவோர் புறக்கணித்த கல் மூலைக்கல்லான கதைதான் அங்கே நடந்தது! பாடகர் கையிலிருந்து நழுவி விழுந்தாலும் பாடியது. ஒலிபெருக்கிகளின் நடுவே நின்றாலும் ஊளையிடவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் மேடைகளில் நிற்கிறது. அதைச் செய்த சீலரோ அமைதியான மனிதர். ஆரவார இசையை விரும்பாதவர் என்கிறார்கள். பாடகர்களை உலகம் அறியும். அவர் பெயரைப் பாடகர்களே அறியார். விடியுமுன் கோயில் திறந்து மைக்கைச் சரிபார்த்து வைக்கும் நம் உபதேசியாரையும் கோயில்பிள்ளையையும் இவ்வேளையில் நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சங்கமும் மைக்கும்

பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1962 அக்டோபர் 11இல் தொடங்கிவைத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதே பேராலயத்தில், ஆனால் ஒலிபெருக்கிகளோடு கூடியது. முந்திய சங்கத்தில் கேட்காமல் தவித்த நிலை இம்முறை இல்லை. 1963 டிசம்பர் 4இல் வெளியான திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. 1965 மார்ச் 7இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் உரோமைப் பங்கு ஒன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார்.

கனடா நாட்டுக் கத்தோலிக்கப் பேராசிரியர் மார்ஷல் மக்லூகன், இலத்தீன் வழிபாடு மறையக் காரணமே மைக்தான் என்று 1970களில் வாதித்தார். முணுமுணுப்பாகப் பீடத்தில் ஒலித்த ஜெபம் கோயில் முழுதும் கேட்கத் தொடங்கியதும், அது புரியும் மொழியில் இருக்கவேண்டியதாயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். இதை நாம் முற்றாக ஒப்பவில்லை. தாய்மொழி வேண்டும் என்ற ஏக்கம் மைக்குக்கு வெகு முந்தியது. ஆயினும் ஒன்று உண்மை: எல்லார்க்கும் கேட்கும் என்ற நிலை வந்தபின், எல்லார்க்கும் புரியவேண்டும் என்ற கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேட்கிறது; விளங்குகிறதா?

நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். ஒரு ஞாயிறு, வாசகத்தின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. வேறு வழியின்றி, பீடத்தை விட்டு இறங்கி நடுவே நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பிரசங்கித்தோம். பூசை முடிந்ததும் கடைசி வரிசைப் பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இன்னிக்குத்தான் நீங்க சொன்னது முழுசா வெளங்குச்சு" என்றார். அதுவரை எத்தனை ஞாயிறுகள்! மைக் சத்தத்தைக் கொடுத்தது. தெளிவை நாம் கொடுக்கவில்லை. உயர்ந்த சுவரும் சிமெண்டுக் கூரையும் உள்ள கோயிலில், ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து விழுந்தால், சத்தம் கூட்டக்கூட விளக்கம் குறையும்.

ஆகவே வாசகர்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் சில வார்த்தைகள். மைக்கை ஊதியும் தட்டியும் சோதிக்கவேண்டாம், பேசிப் பாருங்கள். வாயிலிருந்து நான்கைந்து விரற்கடை தள்ளி, சற்றே சாய்வாகப் பேசுங்கள். இல்லையேல் ஒவ்வொரு பகரமும் வெடியாக விழும். ஒட்டிப் பேசினால் கனத்த ஒலி கூடி, எழுத்துகள் மங்கும். பந்துத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பாவர் திறந்துவைத்த பின்வழிகள் அடைபடும். அப்போது ஊளை எழுந்தால் குற்றம் கருவியுடையதன்று.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று நமக்கு உண்டு. பாடகர் குழுவின் மைக் உரக்க ஒலிக்க ஒலிக்க, மக்களின் வாய் மூடிக்கொள்கிறது. தனக்குப் பதிலாக ஒலிபெருக்கி பாடுகிறது என்று நினைத்துவிடுகிறோம். வழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்குபெற வேண்டுமென்று சங்கம் கேட்டதை, ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாமா? பல்லவியைத் தொடங்கிவைத்தபின் மைக் சற்றே பின்வாங்கட்டும், சபை பாடட்டும். அயலாரையும் மறக்கலாகாது. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. அது நமக்கும் பொருந்தும்.

ஸ்நாபக அருளப்பரைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் அழகாக விளக்குகிறார்: அருளப்பர் குரல், கிறிஸ்துவோ வார்த்தை. வார்த்தை உள்ளத்தில் குடியேறியதும் குரல் தன் பணி முடிந்து ஒதுங்குகிறது. நம் மைக்கும் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்து அதன் இணைப்பை எடுத்தபின், அந்த வாரத்தின் நற்செய்தியை ஒலிக்கவேண்டியவர்கள் நாம். ஜூபிலி ஆண்டில் நம் வீடுகளிலும் வீதிகளிலும் அவ்வார்த்தை கடைசி வரிசை வரை கேட்கவும், கேட்டவர்க்கு விளங்கவும் ஆண்டவர் அருள்புரிவாராக.