அண்ணனின் நோட்டுப் புத்தகமும் விவ் ரிச்சர்ட்ஸும்

போன வாரம் அண்ணன் போன் செய்தார். வயது எழுபத்தெட்டு, குரலில் அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை. நலம் விசாரித்து முடித்ததும் பழைய வழக்கை எடுத்தார். "ஐம்பது சொச்சம் ஆவரேஜ் வச்சிருக்கிறவனை எந்தக் கணக்கிலடா பெரிய ஆளுங்கறே?"

நாற்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் நடக்கும் வழக்கு இது. அவர் கவாஸ்கர் கட்சி, நான் விவியன் ரிச்சர்ட்ஸ் கட்சி. போனில் அண்ணனை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன். படிப்பார் என்று தெரியும்.

அண்ணன் வங்கியில் கணக்குப் பார்த்தவர். எண்தான் சாட்சி என்பார். நீளமான நோட்டு ஒன்றில் ஆட்டக்காரர்களின் ரன், சதம், ஆவரேஜ் எல்லாம் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். முதல் வரி டான் பிராட்மன்: 52 டெஸ்ட், 6996 ரன், ஆவரேஜ் 99.94. அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. அதற்குக் கீழே வரும்போதுதான் தகராறு. கவாஸ்கர் 10,122 ரன், 34 சதம், ஆவரேஜ் 51.12. ரிச்சர்ட்ஸ் 121 டெஸ்டில் 8540 ரன், 24 சதம், ஆவரேஜ் 50.23. நோட்டுப்படி வழக்கு முடிந்தது.

ஆனால் 1975 பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நாங்கள் இருவரும் பார்த்த ஆட்டம் ஒன்று உண்டு. வெயிலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியா மொத்தம் 190. அதில் விஸ்வநாத் மட்டும் 97. கடைசி ஆள் அவுட் ஆனபோது சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. அந்த டெஸ்டில் நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். தன் வாழ்நாளில் நேரில் பார்த்த சிறந்த ஆட்டம் அதுதான் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். அவருடைய நோட்டில் சதக் கட்டத்தில் அதற்கு இடமில்லை. விஸ்வநாத்தின் ஆவரேஜ் 41.93தான். அண்ணா, அப்போது எண் சாட்சி சொல்லவில்லையே?

அதே ஆட்டத்தில் பிரசன்னாவின் சுழலை எதிர்த்து 50 ரன் எடுத்த 22 வயதுப் பையன்தான் ரிச்சர்ட்ஸ். இரண்டு மாதம் முன்பு பெங்களூரில் அவருக்கு முதல் டெஸ்ட். சந்திரசேகர் அவரை இரண்டு இன்னிங்ஸிலும் 4, 3 என்று வழியனுப்பினார். அடுத்த டெஸ்டிலேயே டெல்லியில் அவுட் ஆகாமல் 192. அடி வாங்கினால் அடுத்த முறை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும் சுபாவம் அன்றே தெரிந்தது.

1976இல் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், மேற்கிந்தியரை மண்டியிட வைப்பேன் என்ற பொருளில் டிவியில் பேசினார். கிரெய்க் பிறந்தது தென்னாப்பிரிக்காவில். நிறவெறி ஆட்சி நடந்த காலம். கறுப்பர்கள் நிறைந்த ஓர் அணியைப் பார்த்து அப்படிச் சொன்னது எப்படி எரிந்திருக்கும்! ரிச்சர்ட்ஸ் மட்டையால் பதில் சொன்னார். உடம்பு சரியில்லாமல் ஒரு டெஸ்ட் ஆடவில்லை. மீதி நான்கில் 829 ரன். அதில் ஒரு 232, ஒரு 291. தொடர் 3-0. பின்னாளில் தென்னாப்பிரிக்கா சென்று ஆடப் பெரும் பணம் தர முன்வந்தபோதும் அவர் போகவில்லை.

அவர் மைதானத்துக்குள் வருவதே ஒரு காட்சி. அவசரமே இருக்காது. வாயில் சூயிங் கம், தலையில் மெரூன் தொப்பி. மற்றவர்கள் ஹெல்மெட்டுக்கு மாறிய பிறகும், 1991இல் ஓய்வு பெறும்வரை அவர் போடவில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த நல்ல பந்தை மிட்விக்கெட் பக்கம் அனுப்பிவிடுவார். நல்ல பந்துக்கே அந்தக் கதி என்றால் பந்து வீசுபவன் வேறு எதை வீசுவான்? 1984இல் மான்செஸ்டர் ஒரு நாள் ஆட்டத்தில் மேற்கிந்தியா 166க்கு 9 விக்கெட். கடைசி ஆள் ஹோல்டிங்கை மறுமுனையில் நிற்க வைத்து, மேலும் 106 ரன் சேர்த்தார். மொத்தம் 272; அதில் அவருடையது 189.

அடிப்பது மட்டும் ஆதிக்கம் இல்லை. 1979 உலகக் கோப்பை இறுதியில் காலிஸ் கிங் வெளுத்து வாங்கியபோது இவர் பொறுமையாக நின்றார். கிங் 86இல் போன பிறகு, தான் பொறுப்பை எடுத்துக்கொண்டு 138 ரன்னோடு முடித்தார்.

அண்ணனின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல் எல்லாரும் ரிச்சர்ட்ஸின் சொந்த அணி. டெஸ்டில் அவர்களை எதிர்த்து நின்றது கவாஸ்கர்தான். மேற்கிந்தியாவுக்கு எதிராக மட்டும் 13 சதம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. தொடக்க ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் கவாஸ்கரைத்தான் சொல்வேன்.

ஆனால் 1983 ஜூன் 25 இரவை அண்ணன் மறந்திருக்க மாட்டார். நாம் எடுத்தது 183. டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ரிச்சர்ட்ஸ் பவுண்டரி மேல் பவுண்டரியாக அடிக்க ஆரம்பித்ததும் அண்ணன் பேனாவை மூடிவிட்டார். "இவன் ஒருத்தன் போனாப் போதும்டா" என்றார். 28 பந்தில் 33 எடுத்திருந்தபோது மதன்லால் பந்தைத் தூக்கி அடித்தார். கபில்தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். தெருவே எழுந்து கத்தியது. கணக்குப்படி அவர்களுக்கு இன்னும் ஏழு விக்கெட் கையில் இருந்தது. ஜெயிக்க 127 ரன்தான் வேண்டும். ஆனாலும் அப்போதே நம் வீட்டில் ஜெயித்த சத்தம் கேட்டது.

அண்ணா, "இவன் ஒருத்தன்" என்று அன்றைக்குச் சொன்னது நீங்கள்தான். அந்த 33ஐ நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்? அடுத்த முறை போன் செய்யும்போது சொல்லுங்கள்.