"மக்கும்"னு எழுதியிருக்கே... எங்கே, எத்தனை நாள்ல? ஒரு பாட்டில் சோதனையின் வரலாறு

1/ துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் விளக்கும் லிக்விட், தரை துடைக்கும் லிக்விட்... பல பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தா "பயோடீகிரேடபிள்" என்று ஒரு வரி இருக்கும். அதாவது மக்கும்.

சரி, எங்கே மக்கும்? எத்தனை நாள்ல? யார் பார்த்துச் சொன்னது? தென்பெண்ணை ஓடும் தர்மபுரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ முதல்ல அடிப்படை. தண்ணீரில் ஒரு பொருள் மக்குதுன்னா, பாக்டீரியா அதைச் சாப்பிடுதுன்னு அர்த்தம். நாம சோறு சாப்பிட்டு, ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுற அதே கணக்குதான்.

ஆக, பாக்டீரியா எவ்வளவு மூச்சு இழுத்ததுன்னு அளந்தா, எவ்வளவு சாப்பிட்டதுன்னு தெரிஞ்சிடும். நூறு வருஷத்துக்கும் மேலான இந்த அறிவியலின் அடித்தளம் இவ்வளவுதான்.

3/ கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஆறுகள் சாக்கடையாக மாறிக்கொண்டிருந்த நேரம். 1898-ல் கழிவுநீருக்கென்று ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1912-ல் வந்த அதன் எட்டாவது அறிக்கைதான் உலகத்துக்கே அளவுகோல் தந்தது. கழிவுநீர் 5 நாளில் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கிறது என்று பாட்டிலில் அடைத்துப் பார். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குடித்தால் ஆற்றில் விடாதே. இதுதான் பி.ஓ.டி.

4/ ஏன் 5 நாள்? இங்கிலாந்து ஆறுகள் கடலைப் போய்ச் சேர அதிகபட்சம் அவ்வளவு நாள்தான் ஆகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சோதனை வெப்பநிலையும் அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றதுதான்.

நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிவருமா? இந்தியத் தர நிர்ணயத்தில் 27 டிகிரியில் 3 நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் இன்றும் அளப்பது இந்த 3 நாள் கணக்கில்தான்.

5/ இந்த இடத்துல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கோங்க. "மக்கும்" என்றால் "ஆற்றுக்கு நல்லது" என்று அர்த்தம் இல்லை.

பால் அருமையாக மக்கும். ஆனால் ஒரு லிட்டர் பால் மக்க சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராம் அளவுதான். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பால் ஒரு லாரித் தண்ணீரின் மூச்சையே உறிஞ்சிவிடும்!

6/ நம்ம பக்கத்து உதாரணம் வேணுமா? சேகோ ஆலை. சேலம், தர்மபுரி பக்கம் மரவள்ளிக் கிழங்கு அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலைகள். அந்தக் கழிவுநீரில் பெரும்பாலும் மாவுதான். மாவு அப்படியே மக்கும். அதனாலதான் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீர் நாறி, மீன் செத்து மிதக்கும். அதே கழிவை மூடிய தொட்டியில் மக்கவிட்டால் சாண எரிவாயு மாதிரி எரிவாயு கிடைக்கும். பல ஆலைகள் இப்போ அதைச் செய்கின்றன. பொருள் ஒன்றுதான். மக்கும் இடம்தான் வேறு.

7/ அடுத்த கட்டம் 1950-கள். சோப்புக்குப் பதிலாக டிடர்ஜென்ட் பவுடர் வந்தது. கூடவே ஒரு வினோதமும் வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் பனிமலை மாதிரி நுரை. அமெரிக்காவில் சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்தாலே நுரைத்தது.

காரணம் ஏ.பி.எஸ் என்ற ரசாயனம். அதன் வால் பகுதி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். பாக்டீரியா நேரான சங்கிலியை, நாம கரும்பை நுனியிலிருந்து கடிக்கிற மாதிரி கடித்துக்கொண்டே போகும். வழியெல்லாம் கிளை இருந்தால் பல் நிற்காது.

8/ மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. டிடர்ஜென்ட் 80 சதவீதமாவது சிதைய வேண்டும். 1964 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1965-ல் தாமாகவே மாறின. ஏ.பி.எஸ் போய், நேரான வால் கொண்ட எல்.ஏ.எஸ் வந்தது. இன்று நம் வீட்டு பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். இதற்கான மூலப்பொருள் நம்ம சென்னை மணலியிலேயே தயாராகிறது.

9/ நுரை அடங்கியது. பிரச்சினை தீர்ந்ததா? அதுதான் இல்லை.

அன்றைய சோதனை பார்த்தது ஒன்றே ஒன்று: டிடர்ஜென்டின் குணம் போச்சா, இல்லையா? மிச்சம் என்ன ஆச்சுன்னு பார்க்கல. நோனைல்ஃபினால் எத்தாக்ஸிலேட் என்றொரு வகை. நுரைக்கும் பகுதி சீக்கிரம் உடைந்துவிடும். ஆனால் மிச்சமாக நோனைல்ஃபினால் தங்கிவிடும்.

10/ ஒரு டாக்டராக என்னை ரொம்பவும் யோசிக்க வைத்த பகுதி இது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுக்காமலேயே செல்கள் பெருகின. தேடிப் பார்த்தால், பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நோனைல்ஃபினால்! ஹார்மோன் மாதிரி நடித்திருக்கிறது. 1991-ல் வெளியிட்டார்கள். 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சுத்தப்படுத்தும் பொருட்களில் ஏறக்குறைய தடை செய்தது.

பாதி உடைந்தால் போதாது, முழுசா மக்கணும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

11/ ஜப்பான் வேறொரு வழியில் இதே பாடத்தைக் கற்றது. 1968-ல் தவிட்டு எண்ணெயில் பி.சி.பி என்ற ரசாயனம் கலந்து, அதைச் சமையலுக்குப் பயன்படுத்திய ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். பி.சி.பி லேசில் சிதையாது, உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கும். 1973-ல் ஜப்பான் சட்டம் போட்டது. புதிய ரசாயனம் எதுவானாலும் சந்தைக்கு வரும் முன் "மக்குமா?" என்று பார்த்தாக வேண்டும்.

12/ ஆளுக்கொரு நாடு ஆளுக்கொரு சோதனை வைத்திருந்ததை ஓஇசிடி அமைப்பு 1981-ல் "301" என்ற எண்ணின் கீழ்க் கொண்டுவந்தது. 1992-ல் திருத்தி ஆறு முறைகளாக்கியது. சோதனை எப்படின்னா:

பாட்டிலில் உப்புச்சத்துகள் கலந்த தண்ணீர். அதில் கழிவுநீர் நிலையத்திலிருந்து எடுத்த கொஞ்சம் பாக்டீரியா. சாப்பிட வேறெதுவும் கிடையாது, சோதிக்கும் ரசாயனம் மட்டும்தான். தின்னு, இல்லாட்டி பட்டினி கிட. 28 நாள் காத்திருப்பார்கள்.

13/ இழுத்த ஆக்சிஜனோ, விட்ட கார்பன் டை ஆக்சைடோ, கணக்குப்படி வரவேண்டியதில் 60 சதவீதத்தைத் தொட்டால் பாஸ். கரைந்த கார்பனை அளந்தால் 70 சதவீதம். மீதி எங்கே என்கிறீர்களா? அது பாக்டீரியாவின் உடம்பாகிவிட்டது. பொதுவாக இன்னொரு நிபந்தனையும் உண்டு. 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு 10 நாளுக்குள் இலக்கைத் தொட வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் சோடியம் பென்சோயேட் மாதிரி சுலபமாக மக்கும் பொருளும் ஓடும். அதுவே மக்கவில்லை என்றால் பாக்டீரியாவில் கோளாறு, அந்தச் சோதனை செல்லாது.

14/ இப்போ தென்பெண்ணைக்கு வருவோம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும் வரை அதுவும் தர்மபுரி மாவட்டம்தான். பிறகு கிருஷ்ணகிரி அணை, தர்மபுரி மாவட்டம், சாத்தனூர் அணை, கடலூரில் கடல்.

கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் மலை மாதிரி நுரை வரும் படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மேலே பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரியில் 2015-ல் நுரை தீப்பிடித்தே எரிந்தது.

15/ எல்.ஏ.எஸ் தான் சோதனையில் பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் ஏன் நுரை?

ஏன்னா, பாட்டிலில் ஆக்சிஜன் இருந்தது. 28 நாள் அவகாசம் இருந்தது. ஒரு பெருநகரத்தின் சாக்கடை சுத்திகரிக்காமல் கலக்கும் நீரில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் எல்.ஏ.எஸ் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஏரியிலிருந்து அணைக்கு இருக்கும் தூரமும் சில பத்து கிலோமீட்டர்தான். சோதனை பொய் சொல்லவில்லை. சோதனை கேட்ட சூழலை நாம் ஆற்றுக்குக் கொடுக்கவில்லை.

16/ இன்னொன்று. மக்காத பொருளுக்கு இந்தக் கணக்கு எதுவுமே உதவாது. பாறையிலிருந்து நம் நிலத்தடி நீரில் கரையும் ஃபுளோரைடு ஒரு தனிமத்தின் அயனி. அதை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. பல்லில் கறையும் எலும்பில் வளைவுமாக அதற்கு விலை கொடுத்த மாவட்டம் இது. அதனால்தான் வேறு நீரையே கொண்டுவர வேண்டியிருந்தது. 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்குத்தான். போர்த் தண்ணீர் குடிப்பவர்கள் ஃபுளோரைடு அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம்.

17/ நாம என்ன செய்யலாம்?

பவுடரை அளவாகப் போடுங்க. நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது கிடையாது.
ஆற்றிலும் ஏரியிலும் நேரடியாகத் துவைக்க வேண்டாம். "இது மக்குற பவுடர்தானே" என்பது சமாதானம் ஆகாது.
உங்க நகராட்சியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கா, ஓடுதா, வெளியேறும் நீரின் பி.ஓ.டி எவ்வளவு? கேளுங்க. அது உங்க உரிமை.

பாக்டீரியா தன் வேலையைச் செய்யத் தயாராத்தான் இருக்கு. அதுக்குத் தேவையான காற்றையும் நேரத்தையும் கொடுக்க வேண்டியது நாம்தான்.